தோட்டத்துக்கு நன்மை செய்யும் பூச்சிகளை வரவழைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டமும் மாடித் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்காக, தமிழ்நாட்டுச் சூழலையும் இங்கே வழக்கமாகத் தொல்லை தரும் பூச்சிகளையும் மனதில் வைத்து எழுதியது.

நன்மை செய்யும் பூச்சிகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

இரண்டு கூட்டம். முதலாவது இரைவிழுங்கிகள்: பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, பூக்கள் முன் அந்தரத்தில் நிற்கும் சிர்ஃபிட் ஈ, தரைவண்டு, தட்டான், கும்பிடுபூச்சி. இவை பூச்சிகளைப் பிடித்து நேரடியாகத் தின்னும். சிலந்தி பூச்சி இனம் அல்ல என்றாலும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டாவது ஒட்டுண்ணிகள். இவை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய குளவிகள். பூச்சியின் முட்டையிலோ உடலிலோ முட்டையிடும். பொரிந்த புழு உள்ளேயிருந்தே தின்று தீர்த்துவிடும். இவை மனிதரைக் கொட்டுவதில்லை.

பொறிவண்டைத் தெரியும். அதன் புழு எப்படி இருக்கும்?

தோட்டத்தில் நடக்கும் பெரிய இழப்பே இதைத் தெரியாததால்தான். சிவப்பு வண்டைப் பார்த்தால் விட்டுவிடுகிறோம்; அதன் புழுவைப் பார்த்தால் நசுக்கிவிடுகிறோம். குருத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியை அதிகம் தின்பது அந்தப் புழு.

முதலில் முட்டை. வெண்டை, தட்டைப்பயறு இலைகளின் அடியில் மஞ்சள் நிறத்தில், ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்க, பத்து இருபது சேர்ந்து ஒரு கொத்தாக இருக்கும். அதிலிருந்து வரும் புழு கருத்த சாம்பல் நிறம்; முதுகில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் திட்டுகள்; ஆறு கால்கள்; நடுவில் பருத்து வால் பக்கம் கூம்பிய, குட்டி முதலை போன்ற உடல். எப்போதும் அவசரமாக ஓடிக்கொண்டிருக்கும். வளர்ந்து முடிந்ததும் இலையில் வாலை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். இதை இலைப்புள்ளி நோய் என்று நினைத்து இலையோடு கிள்ளி எறிபவர்கள் பலர். நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் போதும்.

சிர்ஃபிட் ஈயின் புழு இன்னும் மோசமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கால்கள் இல்லாத, பச்சையோ பழுப்போ கலந்த, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் புழு. இலைப்புழு என்று நினைத்துக் கொன்றுவிடுவார்கள். வித்தியாசம் எளிது: அது அசுவினிக் கூட்டத்தின் நடுவே இருக்கும், இலையில் கடித்த தடம் இருக்காது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் கூரான முன்பக்கத்தை இருபுறமும் வீசித் தேடி, ஓர் அசுவினியைக் கவ்வி, மேலே தூக்கிப் பிடித்து உறிஞ்சுவதையே பார்க்கலாம். கடைசியில் தோல் மட்டும் சுருங்கி விழும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை மயிரிழை போன்ற காம்பின் நுனியில் தனியாக நிற்கும். அதைப் பூஞ்சணம் என்று துடைத்துவிட வேண்டாம்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே பெரிய வெள்ளைப் புழு ஒன்று இருக்கிறது. அதையும் அழிக்கலாமா?

கூடாது. அது பெரும்பாலும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. உடல் முழுவதும் மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே வேடம் போட்டிருக்கும். அளவையும் வேகத்தையும் பாருங்கள். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அசையாது. இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். குச்சியால் தொட்டால் விரைவாக நகரும். வளர்ந்த வண்டின் முதுகு கறுப்பு. தலையும் வால் முனையும் ஆரஞ்சு.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-ல் காபித் தோட்டங்களின் பச்சைச் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த வேலையில் பெரிதாக எடுபடவில்லை. மாவுப்பூச்சிக்குத்தான் பேருதவியாக அமைந்தது. இன்று திராட்சைக்குக் கொடிக்கு 10 வண்டு என்ற கணக்கில் வாங்கி விடுகிறார்கள். செம்பருத்தி, கொய்யா, சீத்தா என எதில் மாவுப்பூச்சி இருந்தாலும் தின்னும். ஆனால் மாவுப்பூச்சி நன்றாகப் பரவிய செடியில்தான் விட வேண்டும். நாலைந்து பூச்சி இருக்கும்போது விட்டால் இரை போதாமல் பறந்துவிடும்.

கத்தரி இலையைச் சுரண்டி சல்லடையாக்கும் வண்டும் பொறிவண்டு போலவே இருக்கிறதே?

அது எபிலாக்னா என்ற புள்ளிவண்டு. பொறிவண்டுக்கு உறவுதான், ஆனால் இலை தின்னி. பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் பூ மயிர் இருப்பதால் மங்கிய செம்பு நிறமாகத் தெரியும். புள்ளிகளும் அதிகம், 12 அல்லது 28. அதன் புழு மஞ்சள் நிறத்தில் உடல் முழுக்கக் கிளைத்த முள்ளோடு இருக்கும். கத்தரி, பாகல் இலைகளில் நரம்பை விட்டுவிட்டு பச்சையை மட்டும் சுரண்டியிருந்தால் இதன் வேலை. காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது சோப்பு நீர் உள்ள டப்பாவில் தட்டிவிடுங்கள். முட்டைக் கொத்தையும் நசுக்கலாம். ஒரே நிபந்தனை: பக்கத்தில் அசுவினி இருக்கும் இலையில் உள்ள மஞ்சள் முட்டைகளை விட்டுவிடுங்கள், அவை பொறிவண்டின் முட்டைகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்தப் பூச்செடிகளை வைக்க வேண்டும்?

வளர்ந்த சிர்ஃபிட் ஈக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் உணவு தேனும் மகரந்தமும்தான். இவற்றுக்கு வாய் குட்டை. ஆழமான குழல் பூவில் தேன் இருந்தாலும் எட்டாது. எனவே அழகைப் பார்க்காமல், தேன் திறந்து கிடக்கிற சின்னப் பூக்களைத் தேர்ந்தெடுங்கள்.

முதலிடம் கொத்தமல்லிக்கு. கீரைக்காக வளர்த்து, பூக்க ஆரம்பித்ததும் பிடுங்கிவிடுவது வழக்கம். சில செடிகளை விட்டுவிடுங்கள். குடை குடையாக வரும் வெள்ளைப் பூக்களில் காலை நேரத்தில் சிர்ஃபிட் ஈக்கள் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். விதையைச் செருப்பின் அடியால் மெதுவாக உருட்டி இரண்டாக உடைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். பூக்க ஒன்றரை மாதம் ஆகும். பூ இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பிடி விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நாளில் மொத்தமாக விதைத்துவிட்டு, பிறகு பூச்சி வரவில்லை என்பவர்கள் தவறுவது இங்கேதான். சோம்பு, ஓமம் இரண்டுக்கும் இதே குணம். முள்ளங்கி, கடுகு ஒன்றிரண்டையும் பூக்க விடலாம்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் பூக்கும். பூக்கதிரை முழுக்கக் கிள்ளாமல் பாதியை விடுங்கள். சூரியகாந்தி, காஸ்மாஸ், எள் ஆகியவையும் நல்லவை. எள்ளை வயல் வரப்புகளிலும் இதற்காகவே விதைக்கிறார்கள்.

செண்டுமல்லி பற்றி ஒரு விளக்கம் தேவை. மாலைக்காக வளர்க்கும் பந்து போன்ற அடுக்குப் பூவில் இதழ்தான் நிறைய, தேன் எட்டாது. ஒற்றை அடுக்கு இதழும் நடுவில் மஞ்சள் வட்டமும் உள்ள ரகமே இந்த வேலைக்கு ஏற்றது. தக்காளி வயலில் செண்டுமல்லி நடுவது வேறு காரணத்துக்காக: காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிட விரும்பும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பது பரிந்துரை. தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். செண்டுமல்லிப் பூவில் சேரும் புழுக்களைக் கையால் பொறுக்கவும் வேண்டும். பொறுக்காமல் விட்டால் நாமே காய்ப்புழு வளர்ப்பதாகிவிடும்.

தட்டைப்பயறு வைத்தால் அசுவினி மொய்க்கிறது. அதை ஏன் வைக்கச் சொல்கிறார்கள்?

அசுவினிக்காகவேதான் வைக்கச் சொல்கிறார்கள். தட்டைப்பயறில் வரும் கறுப்பு அசுவினி பயறுவகைச் செடிகளை நாடுவது. கத்தரி, வெண்டையில் தொல்லை தருவது பருத்தி அசுவினி. அது வேறு இனம். எனவே தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி பெருகினால் பொறிவண்டுக்கு இரை கிடைக்கிறது, காய்கறிக்குப் பாதிப்பு இல்லை. பொறிவண்டு அங்கே முட்டையிட்டுப் பெருகி, வெண்டையில் அசுவினி வந்ததும் அங்கே வரும். தட்டைப்பயறின் பூங்காம்பில் பூவுக்கு வெளியேயும் தேன் சுரக்கும் என்பது கூடுதல் வசதி.

நாட்டுச் சோளமும் இதே வேலையைச் செய்கிறது: அதில் வரும் அசுவினி காய்கறிக்குப் போகாது, மகரந்தம் ஏராளம், உயரமாக நிற்பதால் காற்றில் வரும் வெள்ளை ஈயையும் ஓரளவு தடுக்கும். பாத்தியின் ஓரத்தில் இரண்டு வரிசை போதும். வேலியில் எருக்கு இருந்தால் வெட்ட வேண்டாம். அதில் மொய்க்கும் மஞ்சள் அசுவினி எருக்கு, அரளி போன்ற பால் செடிகளோடு நின்றுவிடும்.

முக்கியமான ஒன்று: காய்கறி நடுவதற்கு மூன்று வாரம் முன்பே தட்டைப்பயறை விதைத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக நட்டால், வெண்டையில் அசுவினி வரும்போது பொறிவண்டுப் படை இன்னும் உருவாகியிருக்காது. இந்தத் தட்டைப்பயறில் அசுவினிக்கு எதையும் தெளிக்கக் கூடாது. பார்க்கச் சகிக்காவிட்டாலும் விட்டுவிட வேண்டும்.

மாடியில் 20 பைகள்தான் இருக்கின்றன. இதற்கெல்லாம் இடம் ஏது?

நான்கு பைகளை ஒதுக்குங்கள். ஒன்றில் தட்டைப்பயறு 5 செடி, ஒன்றில் சோளம் 4 செடி, ஒன்றில் துளசி, ஒன்றில் மாற்றி மாற்றிக் கொத்தமல்லி. இவற்றை ஓர் ஓரத்தில் சேர்த்து வைக்காமல் காய்கறிப் பைகளுக்கு நடுநடுவே வையுங்கள். ஒட்டுண்ணிக் குளவிகள் சிறியவை. மொட்டைமாடிக் காற்றில் தூரம் பறப்பது அவற்றுக்குக் கடினம். நாலாவது மாடிக்கும் பொறிவண்டு வரும். காற்றடிக்கும் பக்கம் பந்தலோ பச்சை வலையோ இருந்தால் தங்கும்.

வந்து சேர எத்தனை நாள் ஆகும்? அதுவரை செடி தாங்குமா?

அசுவினி வந்து ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் பொறிவண்டும் சிர்ஃபிட் ஈயும் எண்ணிக்கையில் தெரியும். இரை பெருகிய பிறகே அவை முட்டையிடும்; இது இயற்கையின் வரிசை, மாற்ற முடியாது. அந்த இடைவெளியில் பதறி மருந்து அடித்தால் அசுவினி ஒரு வாரத்தில் திரும்பி வரும், பொறிவண்டு வராது.

இடைப்பட்ட நாட்களில் குழாயின் வாயை விரலால் அழுத்தி இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. மிக மோசமான குருத்தை மட்டும் கிள்ளலாம். எதையும் செய்வதற்கு முன் ஐந்து குருத்துகளைத் திருப்பிப் பாருங்கள். பொறிவண்டுப் புழுவோ சிர்ஃபிட் புழுவோ, பழுப்பு நிறத்தில் உப்பி அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகளோ தெரிந்தால் கை வைக்காமல் ஒரு வாரம் விடுங்கள். அந்த உப்பிய அசுவினிகளுக்குள் குளவி வளர்கிறது. முதுகில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

எல்லாம் செய்தும் மாவுப்பூச்சி குறையவில்லை. ஏன்?

எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி மூன்றும் இனிப்பான கழிவை வெளியேற்றும். அதற்காக எறும்பு அவற்றைக் காவல் காத்து, பொறிவண்டுப் புழுவையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பு ஏறாமல் தடுத்தாலே பல செடிகளில் மாவுப்பூச்சி தானாகக் குறையும்.

மரமாக இருந்தால் தண்டில் ஒரு சாண் அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் மரம் கெடும். தாளுக்கும் பட்டைக்கும் இடையே சந்து இருந்தால் எறும்பு அதன் வழியே ஏறும். பஞ்சோ துணியோ வைத்து அடையுங்கள். சுவரையோ பக்கத்து மரத்தையோ தொடும் ஒரு கிளை போதும், மொத்த வேலையும் வீண், அதை வெட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை கிரீஸில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்தால் எறும்பு அதன் மேல் நடந்து போகும்.

வேப்பெண்ணெய் இயற்கைதானே, தாராளமாக அடிக்கலாமா?

தாராளமாக அடிக்கக் கூடாது. வேம்பு முக்கியமாக இலையைத் தின்கிற, சாற்றை உறிஞ்சுகிற பூச்சிகளைத்தான் பாதிக்கிறது என்பது சரி. ஆனால் எண்ணெயும் சோப்பும் கலந்த நீர் நேராகப் படும் மென்மையான உடல் எதுவும் தப்புவது கடினம். சிர்ஃபிட் புழு, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, சின்னக் குளவி எல்லாம் இதில் அடங்கும்.

தேவை வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசலே நல்லது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, கொஞ்சம் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து, ஒரு லிட்டராக்குங்கள். ஒட்டுவதற்காக ஒரு கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். வெயிலும் தேனீயும் அடங்கிய மாலை ஐந்து மணிக்கு மேல், பூச்சி உள்ள செடியில் மட்டும், இலையின் அடிப்பக்கம். பூவில் வேண்டாம். வாரா வாரம் கிழமை பார்த்து மொத்தத் தோட்டத்துக்கும் அடிப்பதை நிறுத்துங்கள்.

புகையிலைக் கரைசலை எந்த நேரத்திலும் சேர்க்காதீர்கள், அக்னி அஸ்திரம் என்ற இயற்கைப் பூச்சிவிரட்டிக் கரைசலில் வருவதாக இருந்தாலும். அதிலுள்ள நிகோட்டின் தேனீ முதல் பொறிவண்டு வரை வேறுபாடு பார்க்காமல் கொல்லும், கலக்குகிறவருக்கும் ஆபத்து. கடை மருந்துகளில் இமிடாகுளோபிரிட் செடியின் சாற்றில் ஏறித் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது. பூ வைத்துப் பூச்சியை அழைத்துவிட்டு இதை ஊற்றுவது விருந்தில் விஷம் கலப்பதுதான். சைபர்மெத்ரின் போன்றவற்றை அடித்த பிறகு செஞ்சிலந்தியும் வெள்ளை ஈயும் முன்பைவிட அதிகமாக வருவதற்குக் காரணம், அவற்றைத் தின்றுகொண்டிருந்தவை செத்துப்போனதே.

மஞ்சள் ஒட்டும் அட்டை, விளக்குப்பொறி?

மஞ்சள் அட்டை வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று அறிய ஒன்றிரண்டு போதும். நிறைய தொங்கவிட்டால் ஒட்டுண்ணிக் குளவியும் சிர்ஃபிட் ஈயும் அதில் ஒட்டிச் சாகும். அட்டையை வாரம் ஒரு முறை உருப்பெருக்கியால் பாருங்கள். நல்ல பூச்சிகள் அதிகம் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பூச்சிகளை வெளிச்சத்தால் இழுத்துப் பிடிக்கும் விளக்குப்பொறியை மாலை 6 முதல் 10 மணி வரை மட்டும் எரியவிட வேண்டும்.

டிரைக்கோகிரம்மா அட்டையை வீட்டுத் தோட்டத்தில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஆனால் அது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர் குளவி; அது வெளிவரும் முட்டைகளை ஒட்டி விற்பதுதான் இந்த அட்டை. அந்துப்பூச்சியின் முட்டையை மட்டுமே தாக்கும். கத்தரிக்காயில் துளை விழுந்த பிறகு அட்டை கட்டுவதில் அந்தக் காய்க்கு எந்தப் பயனும் இல்லை, புழு உள்ளே போய்விட்டது. பெண் அந்துப்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை வைத்து, அதில் அந்துப்பூச்சி விழத் தொடங்கிய அந்த வாரமே கட்டத் தொடங்குங்கள். வளர்ந்த குளவி சில நாட்களே வாழும் என்பதால் வாரம் ஒன்று என நான்கிலிருந்து ஆறு முறை கட்ட வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை என்பது சுமார் 18,000 முதல் 20,000. கத்தரிக்கு ஹெக்டேருக்கு 50,000 என்ற அளவில், ஒரு சென்ட்டுக்கு 200 போதும். ஐந்து சென்ட் தோட்டத்துக்கு 1,000 முட்டை, அதாவது ஒரு சி.சி.யில் இருபதில் ஒரு பங்கு. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டார் சேர்ந்து ஓர் அட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அட்டையில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டுண்ணி ஏறிய முட்டை கறுப்பாகத் தெரியும். வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள். குளவி வெளிவரும் தேதி அட்டையில் எழுதியிருக்கும்; அதற்கு முந்தைய மாலையில் சிறு துண்டுகளாக வெட்டி, இலையின் அடிப்பக்கம் நிழலில் குத்துங்கள். எறும்பு வந்தால் ஓர் இரவில் அட்டை காலி. கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எதையும் தெளிக்கக் கூடாது. அட்டைகளுக்கு வேளாண்மைத் துறையின் ஒட்டுண்ணி உற்பத்தி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை ஆகியவற்றில் கேட்கலாம். கோவை போகிறவர்கள் அங்கே 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வாருங்கள்.

பப்பாளியில் மாவுப்பூச்சி வந்தால்?

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளை நிலைகுலைய வைத்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு ஆய்வகத்துக்கு வரவழைக்கப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டில் விடப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே சிறப்பாக நிலைத்து, மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. இன்றும் அந்தக் குளவி நம் ஊர்களில் இருக்கிறது. மருந்து அடிக்காத மரத்துக்கு அது தானாகவே வருகிறது. வரவில்லை என்றால், பழுப்பு நிறத்தில் உப்பி இறுகிப்போன மாவுப்பூச்சிகள் உள்ள இலை ஒன்றை வேறு மரத்திலிருந்து எடுத்துவந்து உங்கள் மரத்தில் கட்டுங்கள்.

தென்னையிலும் இதே கதைதான். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தெரிந்த சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற குளவி இருக்கிறது. மருந்து அடிக்காத தோப்பில் அது பெருகுகிறது. அந்த ஈயின் இனிப்புக் கழிவால் கீழ் ஓலைகளில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளித்தால், காய்ந்து ஏடாக உதிரும்.

குளவிக் கூட்டைக் கலைக்கலாமா?

சுவரில் மண் கூடு கட்டும் குளவிகள் புழுக்களையோ சிலந்திகளையோ பிடித்துக் குஞ்சுக்கு அடைத்து வைக்கும், சீண்டாதவரை கொட்டாது. விட்டுவிடலாம். கதண்டு கூடு வேறு. அது உயிருக்கே ஆபத்து. தீயணைப்புத் துறையைத்தான் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் வைக்க வேண்டுமா?

கோடையில் வையுங்கள். அகலமான மண் தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும் அளவு தண்ணீர். ஏடிஸ் கொசு பெருகாமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். பாத்தியில் இரண்டு அங்குல உயரத்துக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போட்டால் தரைவண்டும் சிலந்தியும் பகலில் ஒளிந்து இரவில் வேட்டைக்கு வரும்.

எவற்றுக்கு இந்த முறை போதாது?

புடலை, பாகல், பீர்க்கனில் வரும் பழ ஈக்குப் போதாது. அதன் புழு காய்க்குள் இருக்கிறது. தேடிப் பிடிக்கும் பூச்சிகள் நம் தோட்டத்தில் குறைவு. பிஞ்சு சுண்டுவிரல் நீளம் இருக்கும்போதே காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிடுங்கள். பொறி வைப்பதானால் கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருளைக் கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் கொடிக்காய்களின் ஈயை இழுக்காது. வெம்பி விழுந்த காய்களைக் குப்பையில் போடாமல் கட்டிய பிளாஸ்டிக் பையில் இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். கத்தரியின் குருத்துத்துளைப்பானுக்கும் டிரைக்கோகிரம்மா அட்டையோடு கைவேலை வேண்டும்: வாடித் தொங்கும் குருத்தை ஒரு விரல் நீளம் கீழே வெட்டி, உள்ளே புழு இருக்கிறதா என்று பிளந்து பார்த்து அழிக்க வேண்டும், வாரம் தவறாமல்.